முப்புரி கண்ட பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன்

விஞ்ஞானிகளின் பெயர் உலகில் நிலைபெறும் வழிகள் பல. பரிசுகளால் நின்ற பெயர்களும் உண்டு. கண்டுபிடித்த பொருளோடு ஒட்டி நின்ற பெயர்களும் உண்டு. ஆனால் ஒருவருடைய பெயர், பெயர் என்னும் நினைவே மறைந்து, உழவன் வாயில் மண்வெட்டி என்னுஞ் சொல் வருவது போல, தொழில் செய்வோர் வாயில் நாள்தோறும் வழங்கும் ஒரு கருவியின் பெயராகிவிடுவது அரிதினும் அரிது. இன்று உலகின் எந்தத் தேசத்திலாயினும் புரதங்களின் அமைப்பை ஆராயும் மாணவன் ஒருவன் தன் வேலையை முடித்ததும் முதலில் எடுத்துப் பார்ப்பது இராமச்சந்திரன் படம் என்பதையே. அப்படத்தைப் பார்க்கும் பலருக்கு இராமச்சந்திரன் என்பார் யார் என்பதும், அவர் சென்னைக் கிண்டியில் இருந்துகொண்டே அதனை ஆக்கினார் என்பதும் தெரியா. அப் பெரியாரின் வரலாற்றையே இம்மலரில் நாம் எழுதப் புகுந்தோம்.

பேராசிரியர் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி கொச்சி இராச்சியத்து எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்தார். பெயருக்கு முன்னுள்ள ‘கோ’ என்பது கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிக்கும். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராசாக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியர். வீட்டிலே கணக்கு விளையாட்டாக நடந்தது எனலாம். பிற்காலத்திற் பௌதிகம், இரசாயனம், உயிரியல், வைத்தியம் என்று எத்துறையிற் கால் வைத்தாலும் அவர் கையில் இருந்த ஆயுதம் அந்தக் கணக்கே. திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரியிற் பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்றுத் தேறிய பின், 1942இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சென்றடைந்தார்.

அங்கே அவர் சேர்ந்தது மின்பொறியியற் பகுதியில். அக்காலத்தில் அக்கழகத்துப் பௌதிகப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் சர் சி. வி. இராமன். இளைஞரின் கூர்மையைக் கண்ட இராமன், இவர் மின்பொறிக்குரியவர் அல்லர், பௌதிகத்துக்குரியவர் என்று தீர்மானித்துத் தம் பகுதிக்கே இழுத்துக்கொண்டார். ஒளியும் எக்சுக்கதிரும் பளிங்குகளூடு செல்லும் வகைகளைக் குருவின் நிழலிலிருந்து ஆராய்ந்த இராமச்சந்திரன், 1947இற் சென்னைச் சர்வகலாசாலையின் விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, கவண்டிஷ் ஆய்வுகூடத்தில் வூஸ்டர் என்பாரிடம் இரண்டாண்டு பயின்று, அங்கும் ஒரு கலாநிதிப் பட்டத்துடன் 1949இற் பெங்களூருக்கு மீண்டார். இதுவரை அவர் செய்தவை எல்லாம் நல்ல வேலைகளே. எனினும் அவற்றுக்காக நாம் இன்று ஏடெடுத்து எழுதப் போவதில்லை.

திருப்பம் 1952இல் நேர்ந்தது. சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் புதிதாக ஒரு பௌதிகப் பகுதியைத் தொடங்க விரும்பி, அதன் தலைமையை ஏற்குமாறு இராமனையே கேட்டார். இராமன் மறுத்து, தம் மாணவரைச் சுட்டிக்காட்டினார். முப்பது வயதை ஒட்டி நின்ற ஓர் இளைஞரிடம் ஒரு சர்வகலாசாலைப் பகுதி முழுவதையும் ஒப்படைக்கத் துணிந்த முதலியாரின் உள்ளத்தையும் நாம் மெச்ச வேண்டும். பெரியவர்கள் இளையவர்களிடம் பொறுப்பை நம்பிக் கொடுப்பது எல்லா ஊரிலும் எளிதாக நடக்கும் காரியம் அன்று.

கிண்டியிற் கட்டடம் இருந்தது. எக்சுக்கதிர்க் கருவிகளும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. எதை ஆராய்வது என்பதே கேள்வி. அவ்வேளையிற் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால் என்பவரோடு பேசிக்கொண்டிருக்கையில், கொலாசன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தீர்க்கப்படாமற் கிடக்கின்றது, பலர் சொல்லியிருப்பவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை என்னுஞ் செய்தி அவர் காதில் விழுந்தது. பிடித்துக்கொண்டார்.

கொலாசன் என்ற பெயர் நம் மூத்தோருக்குப் புதிதாயிருக்கலாம், பொருள் புதிதன்று. மாட்டின் தோலும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும், எலும்புக்குள் ஊடோடி நிற்கும் நாரும் அதுவே. மிருதங்கத்தின் முகத்தில் இழுத்துக் கட்டப்படுவது அது. தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்தால் வரும் பசையும் அதுவே. நமது உடம்பிலுள்ள புரதங்களுள் மிகுதியானது கொலாசன் என்பர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

புரதம் எதுவாயினும் அது ஒரு சங்கிலி. அமினோவமிலங்கள் என்னும் சிறு அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு அச்சங்கிலி ஆகின்றது. ஓரலகை அடுத்த அலகோடு பிணைக்கும் முடிச்சுக்குப் பெப்தைட்டுப் பிணைப்பு என்று பெயர். சிறிய சங்கிலியைப் பெப்தைட்டு என்றும், நீண்டதைப் பலபெப்தைட்டு என்றும் இரசாயனர் வழங்குவர். சங்கிலியின் அலகுகள் எவை, எவ்வரிசையில் நிற்கின்றன என்பதை அறிவது ஒரு வேலை. அச்சங்கிலி வெளியில் எவ்வாறு மடிந்தும் சுருண்டும் நிற்கின்றது என்பதை அறிவது வேறொரு வேலை; அதுவே கடினமானது. புரதம் தன் தொழிலைச் செய்வது அந்த மடிப்பினாலேயே ஆதலால் அதனை அறியாமல் ஒன்றும் அறிந்ததாகாது.

இராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் கொலாசனைத் தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. சர்வகலாசாலையின் அயலிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கங்காருவின் வாலிலுள்ள தசைநாண் எக்சுக்கதிர்ப் படத்துக்கு மிகவும் வாய்ப்பானதாக அமைந்தது. படத்திற் புள்ளிகள் சிலவே தெரிந்தன; அவற்றைக் கொண்டு மட்டும் அமைப்பைச் சொல்லிவிட முடியாது. அவர் மனம் நின்றது வேறோர் இடத்தில். கொலாசனிலுள்ள அமினோவமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன் என்பது இரசாயனர் கண்டறிந்த உண்மை. கிளைசீன் எல்லாவற்றுள்ளும் மிகச் சிறியது. பக்கக் கிளை என்று சொல்லத்தக்கது அதற்கு இல்லை. மூன்றுக்கு ஒன்று கிளைசீன் என்பது தற்செயலாக இருக்க முடியுமா? மூன்று சங்கிலிகள் நெருங்கி நிற்க, நடுவிலே இடமின்மையால் அந்தச் சிறியதொன்றே அங்கு உட்காரக் கூடுமானால் கணக்குச் சரிவரும். இங்ஙனம் சிந்தித்து, 1954ஆம் ஆண்டு ஓகஸ்டில் இலண்டன் ‘நேச்சர்’ சஞ்சிகையில் கொலாசன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று இருவரும் எழுதினர்.

அடுத்த ஆண்டு அவ்வமைப்பை அவர்களே திருத்தினர். மூன்று சங்கிலிகளும் அருகருகே நேரே நிற்பதில்லை. ஒன்றையொன்று சுற்றி முறுகி நிற்கின்றன என்பது 1955இன் கட்டுரை. இதனை விளங்கிக்கொள்ள நமது ஊரார்க்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மாட்டுக்குக் கயிறு திரிப்பவரைப் பார்த்தாற் போதும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குகிறார். பின் மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குகிறார். ஏன்? ஒரே பக்கமாக முறுக்கினால் கையை விட்டதும் அவிழ்ந்துபோம். எதிரெதிராக முறுக்கினால் ஒன்று அவிழ முயல மற்றது இறுகும். காளை இழுத்தாலும் தாங்கும். கொலாசனிலும் இதுவே நடக்கின்றது. தனிச்சங்கிலி ஒவ்வொன்றும் இடப்புறமாகச் சுருள்கின்றது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுகுகின்றன. கயிறு திரிக்கும் கை வேலையின் இரகசியம் நம் எலும்புக்குள்ளும் இருக்கின்றது என்பதை நினைக்கும்போது நமக்கு வியப்பே மேலிடுகின்றது.

கட்டுரை வெளிவந்து சில வாரங்களுக்குள் கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு வந்தது. எழுதியவர்கள் சாமானியர் அல்லர். ஒருவர் பிரான்சிசு கிரிக்; இரண்டாண்டுக்கு முன் வாட்சனுடன் சேர்ந்து மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டவர். மற்றவர் அலெக்சாண்டர் ரிச். முறுகிய முப்புரி என்னும் பொது வடிவத்தை அவர்களும் ஏற்றனர். ஆனால் சென்னையார் கூறிய அமைப்பிற் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, அவ்வளவு நெருக்கம் இயற்கையில் நடவாது என்றனர். மூன்று அலகுகளுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு என்று சென்னையார் கொண்டதையும் மறுத்து, ஒன்றே என்று வேறோர் அமைப்பைத் தந்தனர்.

இங்கே நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர் ஒருவரைப் பிறநாட்டார் மறுத்தார் என்றால் உடனே அதனை அநீதி என்று கொதித்தெழுதும் வழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. இந்த வழக்கில் இரு பக்கமும் பார்க்க வேண்டும். பொது வடிவத்தை முதலிற் கண்ட பெருமை கிண்டிக்கே உரியது. சில பாடநூல்கள் அதனை மறந்து கேம்பிரிட்ஜ்காரரை மட்டும் குறிப்பிடுவது தவறு. ஆனால் நேரடியான ஐதரசன் பிணைப்பு ஒன்றே என்பதிற் பின்னர் வென்றது கிரிக், ரிச் பக்கம். இரண்டாம் பிணைப்பின் கதை அத்துடன் முடியவில்லை. அது நேரடியாக இல்லாமல் இடையில் ஒரு நீர் மூலக்கூறைப் பாலமாகக் கொண்டு நிற்கலாம் என்று 1968இல் இராமச்சந்திரன் தம் மாணவர் ஒருவருடன் எழுதினார். 1994இல் அமெரிக்காவிற் கொலாசனைப் போன்ற ஒரு சிறு பெப்தைட்டின் பளிங்கு ஆராயப்பட்டபோது, முப்புரியைச் சுற்றி அத்தகைய நீர்ப்பாலங்கள் நிரை நிரையாக நின்றமை காணப்பட்டது.

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்ற குற்றச்சாட்டுத்தான் அவரை உறுத்தியது. அளவு என்பது எது? இரண்டு அணுக்கள் எவ்வளவுக்கு நெருங்கலாம்? இதற்கு அன்று ஆளுக்கொரு விடை இருந்தது. எதிர்வாதம் எழுதுவதை விட்டு, இராமச்சந்திரன் அளக்கப் புகுந்தார். அதுகாறும் உலகில் எவரெவரோ தீர்த்து வெளியிட்டிருந்த அமினோவமிலப் பளிங்குகளையும் சிறு பெப்தைட்டுப் பளிங்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, காபனுக்கும் காபனுக்கும், காபனுக்கும் ஒட்சிசனுக்கும், நைதரசனுக்கும் ஐதரசனுக்கும் இடையில் உண்மையிற் காணப்படும் மிகக் குறைந்த தூரங்களை வரிசைப்படுத்தினர். சலிப்பூட்டும் வேலை, கொலாசன் கட்டுரைக்கும் இதன் பயன் வெளிவந்ததற்கும் இடையில் எட்டாண்டுகள் சென்றன. அவ்வேலையில் தோள் கொடுத்தவர்கள் வி. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் ஆவர். அணுக்கள் சில சமயம் வழக்கத்திலும் சற்று அதிகமாக நெருங்குவதுண்டு என்பதும் அந்த அளவையில் வெளிப்பட்டது.

அளவு கைக்கு வந்ததும் கேள்வி விரிந்தது. கொலாசன் ஒன்றுக்கு ஏன் நிற்க வேண்டும்? எந்தப் பெப்தைட்டுச் சங்கிலியாயினும் எவ்வெவ்வாறு மடியக் கூடும், எவ்வெவ்வாறு மடியக் கூடாது என்று முழுவதையும் கணக்கிட்டால் என்ன?

அவர் கணக்கிட்ட முறையை இளைஞர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். பெப்தைட்டுப் பிணைப்பைச் சூழ்ந்த ஆறு அணுக்கள் ஒரே தளத்தில் விறைப்பாக நிற்பவை என்பதை அமெரிக்க விஞ்ஞானி போலிங் முன்னரே காட்டியிருந்தார். ஆகவே சங்கிலியை, மூலைக்கு மூலை கோத்த கடதாசி மட்டைகளின் வரிசை என்று எண்ணிக் கொள்ளலாம். மட்டை வளையாது, கோத்த மூலையில் மாத்திரமே திரும்பும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு காபன் அணு இருக்கின்றது. அதற்கு முன்னுள்ள மட்டை ஒரு கோணத்தாலும், பின்னுள்ள மட்டை இன்னொரு கோணத்தாலும் திரும்பலாம். இவ்விரண்டு கோணங்களுக்கும் ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துக்களைப் பெயராக இட்டனர். எவ்வளவு பெரிய புரதமாயினும், மூலைக்கு மூலை இவ்விரு கோணங்களைச் சொல்லிவிட்டால் அதன் முதுகெலும்பின் வடிவம் முழுவதும் சொல்லியாகிவிட்டது. மலைபோலத் தோன்றிய பிரச்சினை இரண்டு எண்களாகச் சுருங்கியது. நாம் இதனையே அவருடைய மேதைமையின் உச்சி என்போம்.

இரண்டு எண்கள் என்றால் ஒரு தாளிலே படம் வரையலாம். ஒரு கோணத்தை நெடுக்கும் மற்றக் கோணத்தைக் கிடையாகவும் வைத்து, ஒவ்வொன்றும் 360 பாகை சுற்றிவரும் சதுரம் ஒன்று போட்டனர். பின் அச்சதுரத்தின் ஒவ்வோர் இடத்திலும், மட்டைகளை அவ்விரு கோணங்களில் திருப்பினால் எந்த அணுவாவது வேறோர் அணுவோடு அளவுக்கு மீறி முட்டுகின்றதா என்று கணக்கிட்டனர். முட்டினால் அவ்விடம் விலக்கு, முட்டாவிட்டால் அனுமதி. இன்றைய கணினி போன்ற வசதி ஒன்றும் மேசை மேல் இல்லாத காலம். மேசைக் கணிப்பானைக் கொண்டு இதனைப் புள்ளி புள்ளியாகச் செய்தவர்களின் பொறுமையை என்னென்பது!

முடிவிற் கிடைத்த படத்தை நம்மூர் நில அளவைப் படத்துக்கு ஒப்பிடலாம். துணுக்காய்ப் பக்கத்துப் படத்தை விரித்தால் பெரும்பகுதி காடு. குளத்தின் கீழே வயல்கள் சில திட்டுகளாகக் கிடக்கும். இராமச்சந்திரன் படமும் அவ்வாறே. சதுரத்தின் ஏறக்குறைய முக்காற்பங்கு விலக்கப்பட்ட காடு. அனுமதிக்கப்பட்ட இடங்கள் இரண்டு பெரிய திட்டுகளும் ஒரு சிறு திட்டுமே. போலிங் கண்ட அல்பாச் சுருள் ஒரு திட்டில் விழுந்தது. பட்டின் புரதத்திற் காணப்படும் விரிந்த சங்கிலி மற்றைத் திட்டில் விழுந்தது. கொலாசனின் புரியும் அதே திட்டின் ஓரத்தில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கக் கிளை இல்லாத கிளைசீனுக்கு மாத்திரம் காட்டிற் பெரும்பகுதி திறந்திருந்தது. சிறியவனுக்கு வழி அதிகம்!

இக்கட்டுரை 1963இல் ‘மூலக்கூற்று உயிரியற் சஞ்சிகை’யில் வெளிவந்தது. மூவர் பெயரால், ஐந்தே பக்கங்களில். அன்று உலகில் முழுமையாகத் தீர்க்கப்பட்டிருந்த புரத அமைப்புகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். கையில் புரதங்கள் இல்லாதபோதே, இனி வரப்போகும் புரதங்கள் எல்லாம் இந்தத் திட்டுகளுக்குள்ளேதான் நிற்கும் என்று சென்னையிலிருந்து எல்லை கட்டினர். பின்னர் ஒவ்வொன்றாகப் புரதங்கள் தீர்க்கப்பட்டன. தீர்க்கத் தீர்க்கப் புள்ளிகள் அந்தத் திட்டுகளிலேயே வந்து குவிந்தன.

ஒரு விஞ்ஞானியின் உழைப்புக்கு உலகம் தரும் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது என்பது இன்று பெரிய வியாபாரமாகிவிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர், தாம் எவருடைய கட்டுரைகளை ஆதாரமாகக் கொண்டனர் என்பதைக் கடைசியிற் பட்டியலாகக் குறிப்பர். அதனை மேற்கோள் என்பர். ஒரு கட்டுரை எத்தனை தடவை பிறரால் மேற்கோளாகக் குறிக்கப்பட்டது என்பதை எண்ணித் தொகுக்கும் சுட்டியை 1964இல் அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு என்பவர் வெளியிடத் தொடங்கினார். 2005இல் ஹேர்ச் என்னும் பௌதிகர் ஒருவருடைய வாழ்நாள் மேற்கோள்களை ஒரே எண்ணாகச் சுருக்கும் முறையையும் வகுத்தார். பத்து என்று அவ்வெண் வந்தால், அவருடைய கட்டுரைகளுட் பத்து ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை குறிக்கப்பட்டன என்பது பொருள். இந்த எண்ணைப் பார்த்தே உத்தியோகமும் பணமும் வழங்கும் சர்வகலாசாலைகள் இக்காலத்திற் பல.

இராமச்சந்திரனின் ஐந்து பக்கக் கட்டுரை ஆயிரக்கணக்கான தடவை குறிக்கப்பட்டுள்ளது. 1968இற் சசிசேகரனுடன் எழுதிய நூற்றைம்பது பக்க நெடுங்கட்டுரையும் அவ்வாறே. அது பெரிய கணக்குத்தான். ஆனால் உண்மையான கணக்கின் மிகச் சிறு பங்கே அது என்பது நம் கருத்து. ஏனெனில் இராமச்சந்திரன் படம் என்று எழுதுகின்ற பெரும்பாலோர் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பட்டியலிற் சேர்ப்பதே இல்லை. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதற்கு எவர் ஆதாரங் காட்டுவார்? ஒருவருடைய கருத்து எல்லோர்க்கும் பொதுவுடைமையாகிவிட்டால் அவரைக் குறிப்பிடும் வழக்கம் நின்றுபோகின்றது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மேர்ட்டன் விளக்கியிருக்கின்றார். அந்த நிலையை அடைந்தவருக்கு எண்ணும் சுட்டி குறைவாகவே காட்டும். தராசிற் பெரியது சிறியதாகத் தெரியும் விந்தை இது.

இதிலும் ஒரு குறை இருக்கின்றது. அதனை மறைப்பது முறையன்று. கட்டுரையில் மூன்று பெயர்கள். படத்திலோ ஒன்றே நின்றது. புள்ளி புள்ளியாகக் கணக்கிட்ட இராமகிருஷ்ணனையும், அளவைத் தேடிய நாள் முதலாக உடன் நின்ற சசிசேகரனையும் துறைக்கு வெளியே அறிந்தவர் சிலரே. கர்த்தா பின்னர் அமெரிக்கா சென்று 1967இல் ரைபோநியூக்கிளியேசு என்னும் புரதத்தின் அமைப்பைத் தம் குழுவினருடன் தீர்த்த பெருஞ் செயலும் நம் நாட்டவர் நினைவில் இல்லை. பெயர் என்பது ஒருவர் மேல் போய் விழும். உழைப்பு அப்படி விழுவதில்லை.

இன்றைய நிலையைப் பார்ப்போம். உலகத்தார் தீர்த்த புரத அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பொதுக் களஞ்சியம் 1971இல் தொடங்கப்பட்டது. அதில் இப்போது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. அங்கே ஓர் அமைப்பை ஒப்படைப்பவருக்கு ஒரு சோதனை அறிக்கை கொடுக்கப்படுகின்றது. அதில் இராமச்சந்திரன் படத்தில் எத்தனை அலகுகள் காட்டுக்குள் விழுந்தன என்பது எழுதப்பட்டிருக்கும். நன்கு தீர்க்கப்பட்ட அமைப்பில் 98 வீதத்துக்கு மேற்பட்ட அலகுகள் வயற்பரப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பர். பல வெளியே விழுந்தால், இயற்கை பிழைத்தது என்று எவரும் எண்ணுவதில்லை. ஆராய்ந்தவர் பிழைத்தார் என்றே கொள்வர். 2020இல் உலகை ஆட்டிய கொரோனா நோய்க் கிருமியின் புரதங்களும் இச்சோதனையைக் கடந்தே வந்தன. இன்சுலினைப் போன்ற மருந்துகளைத் திருத்தி அமைப்போரும், கணினியைக் கொண்டு புரத வடிவத்தை ஊகிப்போரும் இதே படத்தையே உரைகல்லாகக் கொள்கின்றனர்.

முப்புரியும் வைத்தியத்துக்குப் பயன்பட்டது. பிறக்கும்போதே எலும்பு நொறுங்கும் தன்மையோடு பிறக்கின்ற குழந்தைகள் உண்டு. அவர்களுட் பலரிடத்தில் நிகழ்ந்திருப்பது யாதெனின், கொலாசனில் ஒரே ஒரு கிளைசீன் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பெரிய அமினோவமிலம் வந்து உட்கார்ந்ததே. நடுவில் இடமில்லாத இடத்தில் பருத்தது புகுந்தால் கயிறு சரியாக முறுகாது. விற்றமின் சீ குறைந்தால் முரசு வீங்கி இரத்தங் கசிவதும் இதனோடு தொடர்புடையது. கொலாசனின் புரிகளை உறுதியாக்கும் ஐதரொட்சிபுரோலின் உண்டாவதற்கு அவ்விற்றமின் வேண்டும். நெல்லிக்காயின் அருமையை நம் முன்னோர் வேறு வழியில் அறிந்திருந்தனர்.

அவர் செய்த மற்றொரு வேலையையும் சுருக்கமாகச் சொல்வோம். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணன் என்பவருடன் சேர்ந்து, ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து எடுத்த எக்சுக்கதிர்ப் படங்களைக் கொண்டு அதன் உட்புறத்தை மீளக் கட்டுவதற்கு விரைவான கணித முறை ஒன்றை வெளியிட்டார். ஆசுப்பத்திரிகளில் இன்று சி. ரி. ஸ்கான் என்று சொல்லப்படும் கருவிகளில் அம்முறை பெரிதும் கையாளப்பட்டது. அத்துறையார் அதிலுள்ள வடிகட்டியை ராம்-லாக் என்று அழைக்கின்றனர். இருவர் பெயரின் தலையையும் வெட்டி ஒட்டியது அது. அக்கருவியைக் கண்டதற்காக 1979இல் நோபல் பரிசு கோர்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் இருவருக்குக் கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு இதற்காகவோ, முப்புரிக்காகவோ, படத்துக்காகவோ நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்வோர் உலகெங்கும் உளர். நாமும் அவர்கள் பக்கமே.

முதலியார் துணைவேந்தராயிருந்த காலம் முழுவதும் கிண்டி அவருக்குத் தாய்வீடாயிருந்தது. 1963இலும் 1967இலும் அங்கே நடந்த சர்வதேச மகாநாடுகளுக்கு மேல்நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் வந்து கலந்துகொண்டனர். 1969இல் முதலியார் பதவியை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு இராமச்சந்திரனும் சென்னையை விட்டார். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பகுதியை நிறுவினார். இடையிடையே சிக்காகோவிலும் பணி செய்தார். பட்நாகர் பரிசு 1961இலும், இலண்டன் ரோயல் சங்கத்தின் அங்கத்துவம் 1977இலும் வந்தன. ஓய்வு பெற்ற பின் தருக்க சாத்திரத்திற் புகுந்து, சமணருடைய சியாத்வாதம் என்னும் பழைய நியாயத்தைக் கணிதக் குறிகளால் எழுத முயன்றார். அம்முயற்சி முன்னையவற்றைப் போல வேரூன்றவில்லை.

1945இற் கைப்பிடித்த மனைவியார் இராஜலட்சுமி அம்மையார் 1998இற் பிரிந்தார். நடுக்குவாதமும் பக்கவாதமும் அவரை ஏற்கெனவே தளர்த்தியிருந்தன. அடுத்த ஆண்டு, உலகப் பளிங்கியற் சங்கம் தனது உயர்ந்த விருதாகிய எவால்டு பரிசை அவருக்கு அளித்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆந் திகதி, தமது எழுபத்தெட்டாம் வயதில், சென்னையிற் காலமானார். மைந்தருள் ஒருவராகிய இரமேஷ் நாராயண் அமெரிக்காவில் விண்பௌதிகப் பேராசிரியராய், கருந்துளைகளைப் பற்றிய ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர்.